பொன்னுருக்கிய பிறகு

வெஸ்ட்மின்ஸ்டர் படகுத்துறையில் வரிசையில் நிற்கும்போதே நகுலேஸ்வரியின் கைப்பைக்குள் போன் நாலாவது தடவையாகத் துடித்தது. மணிச்சத்தத்தை நிறுத்திவிட்டாள். அந்தத் துடிப்பை எப்படி நிறுத்துவதென்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை. பையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்திப் பிடிப்பது போலிருந்தது.

"ரைன் நதியிலை இப்பிடி வரிசை எல்லாம் இல்லை" என்றார் கமலநாதன்.

கமலநாதன் மாப்பிள்ளையின் தகப்பன். மனைவி நீலவேணியோடு ஒரு கிழமைக்கு முதல் ஜேர்மனியிலிருந்து வந்திறங்கியவர். வந்த நேரத்திலிருந்து லண்டனில் எதைக் காட்டினாலும் அதைவிடப் பெரியதொன்று ஜேர்மனியில் இருந்தது. போன கோடையில் இருவரும் ரைன் நதியில் நாலு நாள் கப்பலில் போய் வந்தார்கள். அந்த நாலு நாளை வைத்து மனுசன் இன்னும் நாற்பது வருஷம் கதைப்பார் என்பது ஒரு கிழமையிலேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"எங்கடை தேம்ஸையும் ஒருக்காப் பாருங்கோ மச்சான். பிறகு சொல்லுங்கோ" என்றார் கிருஷ்ணராசா. அவர் நகுலேஸ்வரியின் கணவர், பெண்ணின் தகப்பன். மகளின் கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் ஒரு தகப்பன் எவ்வளவு சந்தோஷமாக இருக்கமுடியுமோ அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். அந்த முகத்தைப் பார்க்க ஏலாமல் நகுலேஸ்வரி ஆற்றுப் பக்கம் திரும்பினாள்.

காலை எட்டு மணிக்கு, பிளேஸ்டோவில் வீட்டுக் குசினியில் அவள் பலகாரப் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தபோது பாரிஸிலிருந்து மாலினி போன் எடுத்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிற கிருஷ்ணராசாவின் தமையன் ஞானரட்ணத்தின் மகள் அவள்.

"சித்தி, டொக்டர்மார் கைவிட்டிட்டினம். இண்டைக்கோ நாளைக்கோ எண்டினம். அப்பா சித்தப்பாவைத்தான் கேக்கிறார். நான் அடிச்சா அவர் எடுக்கிறார் இல்லை. உடனை வெளிக்கிட்டு வரச்சொல்லுங்கோ சித்தி."

"அவர் ஷிப்டிலை நிக்கிறார் பிள்ளை. வந்த உடனை சொல்லுறன்" என்று நகுலேஸ்வரி சொன்னாள். ஷிப்டில் நின்ற மனுசன் மேல்மாடிக் குளியலறையில் பாட்டு முணுமுணுத்தபடி சவரம் செய்துகொண்டிருந்தார்.

பொய் எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியாது. வந்த பிறகு அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. கட்டிலில் கிடந்த அவருடைய போனை எடுத்து அணைத்து, முறுக்குப் பெட்டியின் அடியில் வைத்து மூடினாள். வீட்டுப் போனின் வயரைச் சுவரிலிருந்து கழற்றினாள். "வீட்டிலை வேலை கிடக்கு, சம்பந்தியாக்கள் தாங்களே படகிலை போகட்டும்" என்று முதல்நாள் வரை சொன்னவள், "நாங்களும் கூடப் போவம், அதுதான் மரியாதை" என்றாள். கடைசியாக அலுமாரியைத் திறந்து அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் கைப்பையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கௌசிக்குக் கலியாணம். படகுப் பயணத்துக்கு முதல்நாள் வியாழக்கிழமைதான் அப்டன் பார்க்கில் மாப்பிள்ளை தங்கியிருந்த வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கி, இரண்டு வீட்டிலும் கன்னிக்கால் ஊன்றியிருந்தார்கள். பொன்னுருக்கிய பிறகு கலியாண வீட்டார் செத்தவீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. தகப்பனின் கூடப்பிறந்தவன் போனால் முப்பத்தொரு நாள் சாவுத்தீட்டு, துடக்கு. தாய்க்கும் உண்டு, கட்டாத மகளுக்கும் உண்டு. கலியாணம் நின்றுவிடும். ஆனால் எங்கள் சனத்துக்கு ஒரு வழி இருக்கிறது. காதில் விழுந்த பிறகுதான் துடக்கு. காதில் விழாத சாவு நடக்காத சாவு. அதனால்தான் எத்தனையோ கலியாணங்களில் தாலி ஏறிய மறுநாள் அழுகைச் சத்தம் கேட்டிருக்கிறது.

மண்டபம், ஐயர், நானூறு சனம் இதெல்லாம் நகுலேஸ்வரிக்குப் பெரிதில்லை. கௌசிக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று வருஷத்துக்கு முதல் ஒரு கலியாணம், அழைப்பிதழ் கொடுத்த பிறகு, மாப்பிள்ளை வீட்டாரால் குழம்பிப்போனது. பிறகு ஒரு வருஷம் அந்தப் பிள்ளை வேலைக்கும் போகாமல் யன்னல் சீலையை இழுத்துவிட்டு அறைக்குள் கிடந்தது. இன்னொரு முறை அந்தச் சீலையை இழுத்துவிட நகுலேஸ்வரி விடமாட்டாள். போனால் கிருஷ்ணராசா தமையனின் கண் மூடும்வரை அங்கேதான் இருப்பார். மூடினால் கலியாணம் இல்லை. இவ்வளவுதான் அவள் கணக்கு.

படகு புறப்பட்டது. மேல்தட்டில் வெயில் நன்றாக எறித்தது. படகுக்காரன் ஒலிபெருக்கியில் பகிடி விட்டுக்கொண்டு வந்தான். வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள், கமலநாதன் ஒரு கணம் பிந்திச் சிரித்தார்.

"அங்கை மலைக்கு மலை கோட்டை" என்றார் அவர். "இஞ்சை ஒபிஸ் கட்டடங்கள்தானே."

"உங்களுக்கு அந்தப் பெரிய ராட்டினச் சில்லுத் தெரியேல்லையோ?" என்றார் கிருஷ்ணராசா.

"வியன்னாவிலை இதைவிடப் பழசு ஒண்டிருக்கு."

கிருஷ்ணராசா வாய்விட்டுச் சிரித்தார். வாட்டர்லூப் பாலத்துக்குக் கீழே படகு போனபோது திடீரென்று இருண்டு, குளிர்ந்து, மறுபடி வெளித்தது. நகுலேஸ்வரி வலதுகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தக் காலத்தில் பாரிஸ் ரயில் வாட்டர்லூ நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது. கரையிலிருந்து ஐந்து நிமிட நடை. ஏறினால் மூன்று மணித்தியாலத்தில் பாரிஸ். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ரயிலை வைத்துக்கொண்டு மனுசனைப் படகில் எதிர்த்திசைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள்.

பை துடித்தது. மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினாள்.

"ஆரோ விடாமல் அடிக்கினம் போலை" என்றாள் பக்கத்தில் இருந்த நீலவேணி.

"பூக்காரன் அக்கா. மாலைக்குச் சொன்னதைத் திருப்பித் திருப்பிக் கேக்கிறான்."

நீலவேணி மேலே கேட்கவில்லை. கேட்காத சனம்தான் எல்லாவற்றையும் கவனிக்கிற சனம் என்று நகுலேஸ்வரிக்குத் தோன்றியது. எழுந்து கம்பியோரம் போய் நின்றாள். அங்கும் நிற்க முடியவில்லை. திரும்பி வந்து இருந்தாள். வெயில் படுகிறதென்று இடம் மாறினாள். மாறின இடத்தில் காற்று அடித்தது. படகில் இருக்கிற பெரிய வில்லங்கம் அதுதான், எழுந்து எங்கேயும் போக ஏலாது.

கிருஷ்ணராசா கம்பியில் சாய்ந்தபடி சொன்னார்: "அண்ணைக்கு உடம்பு தேறினாப் பிறகு இதிலை கூட்டிக்கொண்டு வரவேணும் நகுலா. பாரிஸிலை இருபது வருஷம் இருந்தும் மனுசன் அந்த ஆத்திலை ஒருக்காவும் படகிலை போகேல்லை."

அந்த மனுசன் ஏன் படகில் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். பாரிஸில் அண்ணனும் தம்பியும் முதல் இரண்டு வருஷம் ஒரே அறையில், ஒரே கட்டிலில் இருந்தவர்கள். ஒருவர் எழும்பத்தான் மற்றவர் படுக்கலாம். தம்பிக்குப் பகலில் நித்திரை வராது என்று ஞானரட்ணம் தான் இரவு வேலைக்கு மாறிக்கொண்டு, பகல் முழுக்க யன்னல் வெளிச்சத்தில் முகத்துக்கு மேலே துவாய் போட்டுப் படுத்தார். தம்பி லண்டனுக்கு வந்த பிறகும் இரவு வேலை அவரைவிட்டுப் போகவில்லை. பகலில் நித்திரை கொள்கிறவன் எந்த ஊரில் படகு பார்ப்பான்?

"மச்சான், உங்கடை போனை ஒருக்காத் தாங்கோ" என்றார் கிருஷ்ணராசா திடீரென்று. "என்ரை போன் வீட்டிலை எங்கையோ தவறிப்போச்சு. காலமை அண்ணையோடை கதைக்கேல்லை. அதுதான் மனம் ஒரு மாதிரிக் கிடக்கு."

கமலநாதன் இடுப்புப் பட்டியிலிருந்து போனைக் கழற்றிக் கொடுத்தார். நகுலேஸ்வரி எப்படி இடையில் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஐயோ, அது ஜேர்மன் போன்! இஞ்சையிருந்து அடிச்சா பில் ஆளைத் தின்னும். வீட்டை போய்ப் போன் காட் போட்டு ஆறுதலாய்க் கதையுங்கோவன்."

"பரவாயில்லைத் தங்கச்சி" என்றார் கமலநாதன்.

"இல்லையண்ணை, ஆஸ்பத்திரியிலை இப்ப சாப்பாட்டு நேரம். கதைக்க விடமாட்டினம்."

கிருஷ்ணராசா அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். கமலநாதன் டவர் பாலத்தைப் பார்த்து, முதல் தடவையாக, "இது பரவாயில்லை" என்றார்.

கிரீனிச்சில் இறங்கினார்கள். திரும்பும் படகுக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. உலகத்தின் நேரத்தைப் பிரிக்கிற கோட்டில் இரண்டு பக்கமும் கால் வைத்துப் படம் எடுக்கவேண்டும் என்று கமலநாதன் ஒற்றைக்காலில் நின்றார். ஆண்கள் இருவரும் மலை ஏறினார்கள். நீலவேணிக்கு முழங்கால் நோ. அவள் கீழே வாங்குப் பலகையில் இருந்தாள். நகுலேஸ்வரி கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு மரத்துக்குப் பின்னால் போய் மாலினிக்கு எடுத்தாள். ஞானரட்ணம் போய்ச் சேர்ந்திருந்தால் மாலினி அழுவாள், சாவுச் சொல் காதில் விழுமுன் துண்டித்துவிடலாம் என்பதே அவள் எண்ணம். நினைத்ததற்குப் பிறகு அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

மாலினி அழவில்லை.

"சித்தி, சித்தப்பா வெளிக்கிட்டிட்டாரோ? அப்பா கதவையே பாத்துக்கொண்டு கிடக்கிறார். நேர்ஸ் வந்தாலும் 'தம்பியோ' எண்டு கேக்கிறார். சாப்பாடு கொண்டுவாற பெடியன் வந்தாலும் 'தம்பியோ' எண்டு கேக்கிறார். நான் 'வாறார் அப்பா, வந்துகொண்டிருக்கிறார்' எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். எத்தினை தரமெண்டு சொல்லுறது சித்தி?"

நகுலேஸ்வரி போனைக் காதோடு வைத்தபடியே நின்றாள். மலைமேல் கிருஷ்ணராசா ஒரு காலைக் கிழக்கிலும் ஒரு காலை மேற்கிலும் வைத்து நின்று, கமலநாதன் படம் எடுப்பதற்காகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரத்திலும் அந்தச் சிரிப்புத் தெரிந்தது.

"வெளிக்கிடுவார் பிள்ளை" என்றாள்.

திரும்பும் படகில் அவள் அவரைத் தனியாகப் பின்தட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எப்படித் தொடங்குவது என்று கனரி வோர்வ் படகுத்துறையிலிருந்து யோசித்தாள். டவர் பாலம் வந்தது. லண்டன் பாலம் வந்தது. இன்னும் ஆறேழு பாலம்தான். பிறகு நிதானமில்லாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்: மாலினி எடுத்தது, ஷிப்ட் என்று சொன்னது, முறுக்குப் பெட்டி, வயர், பூக்காரன், தம்பியோ தம்பியோ என்று கேட்டது.

கிருஷ்ணராசா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாலினி எத்தினை மணிக்கு எடுத்தவள்?"

"எட்டு மணிக்கு."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு மணி.

"எட்டு மணித்தியாலமாய் எனக்குப் பாலம் காட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்" என்றார்.

கை ஓங்கியிருந்தாலும் அவளுக்கு இவ்வளவு நொந்திருக்காது. முப்பத்துநாலு வருஷத்தில் அவர் கை ஓங்கியதில்லை.

"கௌசி..." என்று தொடங்கினாள்.

"தெரியும்" என்றார் அவர். "கௌசியின்ரை அறைக் கதவுக்கு வெளியிலை நானும்தான் ஒரு வருஷம் இருந்தனான்."

படகு பாலத்துக்குக் கீழே போனது. இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. வெளிச்சத்துக்கு வந்தபோது கண்ணைத் துடைத்து முடித்திருந்தார்.

"நான் போறன் நகுலா. போய்ப் பாக்கிறன். அண்ணை தேறினால் நாளைக்குப் பின்னேர ரயிலிலை வந்திடுவன். வராட்டி கணேஸ்வரன் நிண்டு தாரை வார்க்கட்டும். தாய்மாமன்தானே, குறையில்லை." கணேஸ்வரன் விம்பிள்டனில் இருக்கிற நகுலேஸ்வரியின் தம்பி. "மாலினியின்ரை போனிலை இருந்து காலமையும் பின்னேரமும் உனக்கு ஒரு மணி அடிச்சுவிடுவன். ஒரு மணி அடிச்சு நிண்டால் அண்ணை இருக்கிறார் எண்டு அர்த்தம். நீ எடுக்கப்படாது. எடுத்தால் கதைக்கவேணும், கதைச்சால் நான் அழுதிடுவன். மணி அடிக்காட்டி, நீ ஒண்டும் கேக்கேல்லை. கேக்காமல் துடக்கில்லை. கலியாணம் நடக்கட்டும்."

"நீங்கள் இல்லாமலோ?"

"ரெண்டு இடத்திலையும் நிக்க ஏலுமெண்டால் நிக்கமாட்டனோ? இப்பதான் மலையிலை நிண்டுபோட்டு வந்தனான்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பிறகு தலையில் கைவைத்தார். "ஐயோ, பாஸ்போர்ட்! பிளேஸ்டோவுக்குப் போய் வாறதுக்கிடையிலை..."

நகுலேஸ்வரி கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, அவளைப் பார்த்தார். காலையிலிருந்து அவளுக்குள் என்ன நடந்திருக்கும் என்பது அந்தச் சின்னப் புத்தகத்தைக் கையில் வாங்கியபோதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அவளுடைய தோளில் கையை வைத்து ஒருமுறை அழுத்தினார். கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் கை அங்கேயே இருந்தது.

வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கியதும் கிருஷ்ணராசா கமலநாதனிடம் போனார். "மச்சான், நான் ஒரு அவசரமாய்..."

கமலநாதன் உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினார். ஒரு கிழமையாக வாயை மூடாத மனுசன், அப்போது மிகவும் மெதுவாகப் பேசினார்.

"எனக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. சொன்னால் என்ரை காதிலையும் விழுந்ததாய்ப் போயிடும். நீங்கள் போட்டு வாங்கோ. ஞாயிற்றுக்கிழமை என்ரை மகன் உங்கடை மகளுக்குத் தாலி கட்டுவான். அதுக்கு நான் பொறுப்பு."

நகுலேஸ்வரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நீலவேணி தன் சீலைத் தலைப்பை அவளிடம் நீட்டினாள். "எனக்கு வாட்டர்லூப் பாலத்தடியிலையே விளங்கிட்டுது தங்கச்சி" என்றாள். கிருஷ்ணராசா மாற்றுடுப்பு இல்லாமல், பையில்லாமல், சட்டைப் பையில் பாஸ்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் ஏறி வாட்டர்லூ நிலையத்தை நோக்கி ஓடத் தொடங்கினார். ஐம்பத்தொன்பது வயது மனுசன். நடுப்பாலத்தில் உல்லாசப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை இடித்துக்கொண்டு போனார்.

அன்று இரவு ஒன்பது மணிக்குப் போன் ஒரு மணி அடித்து நின்றது. சனிக்கிழமை காலை ஒன்று. "அப்பா எங்கை?" என்று கௌசி கேட்டாள். "வேலையிடத்திலை அவசரமாம், வந்திடுவார்" என்று நகுலேஸ்வரி சொன்னாள். இதற்குள் பொய் அவளுக்குப் பழகிவிட்டது. சனிக்கிழமை பின்னேர ரயிலில் அவர் வரவில்லை. ஆனால் ஏழு மணிக்குப் போன் ஒருமுறை அடித்து நின்றது. தேறினால் ஏன் வரவில்லை, தேறாவிட்டால் ஏன் மணி அடிக்கிறது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றத்தான் செய்தது. கேட்கவில்லை. மணி அடித்தால் ஆள் இருக்கிறார் என்றுதான் பேச்சு, அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தந்தையின் இடத்தில் கணேஸ்வரன் நின்று தாரை வார்த்தான். கௌசி இரண்டு தரம் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். மேளம் உச்சத்துக்குப் போய், தாலி ஏறுகிற நேரத்தில், நகுலேஸ்வரியின் கைக்குள் போன் ஒருமுறை துடித்து நின்றது. அவள் சிரித்தபடி அறுகரிசியைத் தூவினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் கௌசியும் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை அவரே எடுத்தார். இந்தமுறை மணி நிற்கவில்லை.

"எப்ப?" என்றாள் நகுலேஸ்வரி.

"சனிக்கிழமை காலமை பதினொரு மணிக்கு."

கடைசி இரண்டு மணியும் பொய் மணிகள். அவள் குசினித் தரையில் இருந்துவிட்டாள்.

"உங்களைக் கண்டவரோ?"

"கண்டவர். கையைப் பிடிச்சுக்கொண்டு முதல் கேட்டது, கலியாணம் முடிஞ்சுதோ எண்டு. நாள் நேரம் ஒண்டும் அவருக்குத் தெரியேல்லை. முடிஞ்சுது அண்ணை எண்டு சொன்னன். விடியவிடிய அவருக்குக் கலியாணத்தைச் சொன்னன் நகுலா. கௌசி என்ன சீலை, மாப்பிள்ளை எப்பிடித் தாலி கட்டினவர், எவ்வளவு சனம், எல்லாம். ஆர் தாரை வார்த்தது எண்டு கேட்டார்."

"என்ன சொன்னீங்கள்?"

"நான்தான் எண்டு சொன்னன்."